வெள்ளிக்கிழமை மீன்

கடைசியாக நானும் அப்பாவும் சேர்ந்து செய்த வேலை, சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஒழுகிய குழாயை மாற்றியது. நான் மல்லாந்து படுத்து, தலையை அலமாரிக்குள் விட்டிருந்தேன். அவர் டார்ச் பிடித்தார். பிடித்தார் என்று சொல்வது மரியாதைக்கு. பேசும்போது அவருக்குக் கை சும்மா இருக்காது. வெளிச்சம் குழாயைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது.

"அப்பா, வெளிச்சம்."

"பிடிச்சுட்டுத்தானே இருக்கேன்."

"குழாய் மேல பிடிங்க. ஃபிரிட்ஜ் ஒழுகல."

டார்ச் திரும்பி வந்தது. சிறிது நேரம் இருந்தது.

"ரெனி, இதைக் கேளு. 'ஜானிஸா, ஒரு மனுஷனோட வாழ்க்கையில சில தருணங்கள் வரும், அப்ப அவன் தன்னையே திரும்பிப் பாத்து...' எப்படி இருக்கு?"

"பட்டமளிப்பு விழா மாதிரி இருக்கு."

"நீளமா?"

"மன்னிச்சுக்கோன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை. சொல்லிட்டு மீனை வாங்கிட்டு வாங்க."

"அது அவ்வளவு லேசு இல்ல."

"பெரிய ஸ்பானரை எடுங்க."

சின்னதை எடுத்துக் கொடுத்தார். ஒழுகல் நின்றது. அது திங்கட்கிழமை. புதன்கிழமை காலை முடிவெட்டும் கடை நாற்காலியில், பாதித் தலை வெட்டிய நிலையில், அவருடைய இதயம் நின்றது. மறுநாள் அந்தக் கடைக்காரர் கத்தரிக்கோலுடன் சவ அடக்க நிலையத்துக்கே வந்து மீதிப் பாதியை வெட்டி முடித்தார். "வேலையைப் பாதியில விட்டா லெமுவேல் என்னைச் சும்மா விடமாட்டான்" என்றார்.

அப்பா பெயர் லெமுவேல் டேட்டம். தெற்கு மெம்ஃபிஸில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கவிதை நடத்தி, போன ஜூனில் ஓய்வு பெற்றவர். நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவள். எனக்கு எழுத வராது. தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அவர் நேராக ஆசிரியர் வேலைக்குப் போனவர் இல்லை. ரொட்டி வண்டி ஓட்டினார். விடியற்காலையில் கிளம்பி, கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு, மதியம் திரும்புவார். வண்டியின் முன்பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வாரத்துக்கு ஒரு கவிதை. எல்லாம் நம் ஆட்கள், கறுப்பர்கள், எழுதியவை. சிக்னலில் நிற்கும்போது ஒரு வரி, அடுத்த சிக்னலில் அடுத்த வரி. இந்த ஊரின் சிக்னல்கள் மெதுவானவை என்பதால்தான் தனக்கு இத்தனை கவிதை மனப்பாடம் என்பார். மாலைக் கல்லூரியில் படித்து, நாற்பதை நெருங்கும்போது ஆசிரியர் ஆனார். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். பிறகு வீட்டில் நானும் அவரும், பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா வெர்டீ அத்தையும்.

வகுப்புக்கு முதல் நாள் போய் வணக்கம்கூடச் சொல்லமாட்டாராம். தொப்பியோடு கதவருகே நின்று ஒரு கவிதையை முழுதாகச் சொல்வாராம். பிள்ளைகள் சிரிப்பார்களாம். முடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, "இது எழுதினது உங்க தெருக்காரன் மாதிரி ஒருத்தன். இப்ப சிரிங்க" என்பாராம்.

பாடப் புத்தகத்தில் நம் கவிதைகள் பிப்ரவரி மாதத்துக்கான பக்கங்களில் மட்டும் இருந்தன. கறுப்பர் வரலாற்று மாதம் முடிந்தால் அந்தப் பக்கங்கள் மூடிக்கொள்ளும். அப்பா ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடுவார். பள்ளி முதல்வர் டாக்டர் பெட்டிஸ் ஒருமுறை காரணம் கேட்டாராம்.

"பதினொரு மாசம் வேற யாராவதா இருந்துட்டு, பிப்ரவரியில மட்டும் கறுப்பா இருக்க முடியல டாக்டர். முயற்சி பண்ணிப் பாத்தேன். தோல் ஒத்துக்கல."

டாக்டர் பெட்டிஸும் எங்களில் ஒருவர்தான். எங்கள் தேவாலயச் சபைதான், ஞாயிறுதோறும் மூன்றாவது வரிசை. சிரித்துவிட்டு, "தேர்வு மார்க் குறைஞ்சா நீங்க வேற நிறமா ஆயிடுவீங்க" என்றாராம்.

மார்க் குறையவில்லை. ஆனால் சத்தம் வந்தது. அதைச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அந்தச் சத்தத்தில் இருந்து வந்தது.

எங்கள் சபையில் ஈஸ்டர் ஞாயிறன்று குழந்தைகள் மேடை ஏறி ஆளுக்கு நாலு வரி ஒப்பிக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகூட. புதுச் சட்டை, புதுச் செருப்பு, மைக். பாதிப் பிள்ளைகள் மறந்துவிடும். மறந்தால் சபை முழுவதும் குரல் கொடுக்கும்: "நிதானமா கண்ணு. நிதானமா." ஆமென் என்பார்கள், கைதட்டுவார்கள். வரி திரும்பி வரும்வரை யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள். வராவிட்டாலும் பரவாயில்லை. மேடையைவிட்டு இறங்கும்போது அதற்கும் கைதட்டல் உண்டு.

அப்பாவுக்கு ஆறு வயதில் அப்படி நடந்தது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நடுவில் நின்றுவிட்டார்.

"அத்தனை பெரியவங்களும் எனக்காகக் காத்துட்டிருந்தாங்க ரெனி. ஒருத்தர்கூடக் கடிகாரத்தைப் பாக்கல. அதுக்கு முன்னாடி எனக்காக யாரும் காத்திருந்ததில்ல."

வெர்டீ அத்தை அடுப்படியில் இருந்து சொல்வார்: "பேன்ட் நனைஞ்சதைச் சொன்னானா?"

"அக்கா, அது கதைக்குத் தேவையில்ல."

"வீட்டுக்கு வந்து துவைச்சது நான். எனக்குத் தேவை."

அந்த வழக்கத்தை அப்பா வகுப்புக்குக் கொண்டுபோனார். எவனாவது ஒப்பிக்கும்போது நின்றால், மற்றவர்கள் குரல் கொடுக்க வேண்டும். கேலி செய்பவன் அடுத்து மேடை ஏற வேண்டும். சில மாதத்தில் அந்த வகுப்பில் யாரும் மறப்பதற்குப் பயப்படவில்லை. கடைசி வரிசைப் பையன்கள்கூட எழுந்து நின்று ஒப்பித்தார்கள். தாளவாத்தியம் மாதிரி மேசையைத் தட்டினார்கள். பக்கத்து வகுப்பில் கணக்கு நடக்கவில்லை.

டாக்டர் பெட்டிஸ் கதவைத் திறந்தார். "மிஸ்டர் டேட்டம், இது வகுப்பா, எழுப்புதல் கூட்டமா?"

"காணிக்கைத் தட்டு இன்னும் சுத்தல டாக்டர். அப்ப வகுப்புதான்."

நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவருக்கு முதலில் வேண்டியது ஒரு குரல். வெளியே ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், கதவை உடைக்கமாட்டார்கள். பயிற்சியில் எங்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். அப்பாவிடம் சொன்னேன். அவர் அடுத்த நாளே வகுப்பில் சொல்லிவிட்டார். அதில் இருந்து பிள்ளைகள் என்னை வழியில் பார்த்தால், "மிஸ் லிஃப்ட், இன்னிக்கு யாரு மாட்டினா?" என்று கேட்பார்கள்.

ஜானிஸா டில்மன் அந்தப் பள்ளிக்கு வந்தது ஆறு ஏழு வருடத்துக்கு முன்னால். பெரியம்மா வீட்டில் வளர்ந்த பெண். அந்த வீட்டில் பிள்ளைகள் அதிகம், கட்டில்கள் குறைவு. வாய் நீளம். அப்பா வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அவளைப் பற்றிச் சொல்வார்.

முதல் வாரம் அவள் கேட்டாளாம்: "மிஸ்டர் டேட்டம், இந்தக் கவிதைக்கு மார்க் உண்டா?"

"இல்ல."

"அப்ப எதுக்குப் படிக்கணும்?"

"உனக்கு மார்க் இல்ல. கவிதைக்கு நீ மார்க் போடு."

அது ஒரு பெண் ரயிலுக்குக் காத்திருக்கும் கவிதை. தெற்கை விட்டு வடக்கே போகிறவள். மடியில் செருப்புப் பெட்டி, அதில் வழிக்குக் கட்டிய பொரித்த கோழி. நம் ஆட்களுக்கு ரயிலில் சாப்பாடு கொடுக்காத காலம். மிசிசிப்பியில் பள்ளி ஆசிரியையாக இருந்த ஒருவர் எழுதியது. பாடப் புத்தகத்தில் இல்லை. அப்பா ரொட்டி வண்டிக் காலத்தில் ஒட்டி வைத்திருந்த தாளில் இருந்து நகல் எடுத்தது.

ஜானிஸா படித்துவிட்டு, "நூத்துக்கு நாப்பது" என்றாளாம்.

"ஏன்?"

"அந்தம்மா பெட்டியில கோழி வச்சிருக்கு. பக்கத்துல ஒரு சின்னப் பிள்ளை அழுவுது. ஒரு துண்டு குடுக்கல. கஞ்சம்."

"வழியில எவ்வளவு நேரம் ஆகும்னு அவளுக்குத் தெரியாதே?"

"தெரியாட்டி என்ன? ஒரு இறக்கை குடுத்தா செத்தா போயிடுவா?"

அந்த வாதம் கிறிஸ்துமஸ் வரை நடந்தது. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. இறக்கை கொடுக்கலாம் கட்சி, கொடுக்கக் கூடாது கட்சி. ஜனவரியில் ஜானிஸா அதைப் பார்க்காமல் முழுதாகச் சொன்னாள். கடைசி வரிகள் இவை:

*வண்டி வரவில்லை. எழுந்து நின்றேன்.*
*வண்டி வராவிட்டால் என்ன, தண்டவாளம் இருக்கிறது.*

இரண்டு வரிக்கும் நடுவில் அவள் நிறுத்துவாள். மறந்து இல்லை, வேண்டுமென்றே. அந்த இடத்தில் வகுப்பு குரல் கொடுக்கும்: "நிதானமா கண்ணு." அது முழுக்க அடங்கியபிறகு கடைசி வரி வரும். அவள் சொல்ல நானும் ஒருமுறை கேட்டேன். லிஃப்டில் கயிறுகள் அறுந்தாலும் பிடிக்கும் கட்டை ஒன்று உண்டு. அது பிடிக்கும்போது உடம்பில் தெரியும். அந்த வரி அப்படி இருந்தது.

"இப்ப எத்தனை மார்க்?" அப்பா கேட்டார்.

"அறுபது. இன்னமும் கஞ்சம்தான்."

மார்ச்சில் நகரப் பள்ளிகளுக்கு ஒப்பித்தல் போட்டி. வெல்லும் பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்க இடம். தனி அறை, தனிக் கட்டில். ஜானிஸாவுக்கு வேண்டியது அந்தக் கட்டில். "கதவு இருக்குமா? உள்ள இருந்து பூட்டலாமா?" என்று அப்பாவிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். உண்டு என்று விசாரித்துச் சொன்னார்.

போட்டிக்கு விதிகள் இருந்தன. ஒப்பிக்கும்போது அரங்கம் அமைதியாக இருக்க வேண்டும். பார்ப்பவர் யாராவது குரல் கொடுத்தால், அது உதவி. ஒப்பிப்பவர் விலக்கப்படுவார். அப்பாவே வகுப்பில் அதைச் சத்தமாக வாசித்தார். அமைதியாக ஒருமுறை பழகிப் பார்த்தார்கள். பிள்ளைகளால் முடியவில்லை. யாரோ மூக்கால் சிரிக்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "சரி, அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டார்.

நான் அன்று அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரிய அரங்கம். மெத்தை வைத்த நாற்காலிகள். நடுவர்கள் முன்னால் விளக்கு வைத்துக்கொண்டு பென்சிலோடு இருந்தார்கள். ஜானிஸா வந்து நின்றாள். பெரியம்மாவின் நீலக் கோட்டு. நன்றாகச் சொன்னாள். ரயில் நிலையம், பெட்டி, அழும் பிள்ளை. எனக்குப் பின்னால் ஒரு பெண்மணி "ம்ம்" என்றுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"வண்டி வரவில்லை. எழுந்து நின்றேன்."

நிறுத்தினாள்.

குரல் வரவில்லை. வரக் கூடாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் மாதக்கணக்கில் அந்த இடத்தில் ஒரு குரல் இருந்தது, இப்போது இல்லை. அவள் அப்படியே நின்றாள். அரங்கத்தில் ஏசி ஓடும் சத்தம் மட்டும். ஒரு நடுவர் பென்சிலைக் கீழே வைத்தார். அப்பாவின் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. அவள் கீழே எங்கள் வரிசையைப் பார்த்தாள். பிறகு கண்ணை எடுத்துவிட்டு, மூச்சை உள்ளே இழுத்தாள்.

அப்பா எழுந்து நின்றார். "நிதானமா கண்ணு!"

அவ்வளவு பெரிய அரங்கில் ஒற்றைக் குரல் எப்படிக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நடுவர் மணியை அடித்தார். விளக்கம் மரியாதையாகச் சொன்னார். ஜானிஸா மேடையில் இருந்து இறங்கினாள். யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் பள்ளிப் பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா அவளுக்கு முன் இருக்கையில். நான் எதிர்ப் பக்கம்.

"கண்ணு, மறக்குறது எல்லாருக்கும்..."

"நான் மறக்கல."

"ஜானிஸா..."

"மறக்கல மிஸ்டர் டேட்டம். நின்னுட்டிருந்தேன். வாய்ல வந்துடுச்சு. இன்னும் ஒரு மூச்சு, அவ்வளவுதான். நீங்கதான் பொறுக்கல."

பேருந்து ஆற்றுப் பாலத்தடியில் திரும்பியது.

"வகுப்பு முழுக்க நிதானம் நிதானம்னு கத்தச் சொன்னீங்க. உங்களுக்கு இல்ல" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. மூச்சு இழுத்ததை நானும் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றி, நாற்காலி முதுகில் போட்டு, அதை வெகுநேரம் நேராக்கிக்கொண்டே இருந்தார்.

அதன்பின் ஜானிஸா ஒப்பிக்கவில்லை. வகுப்புக்கு வந்தாள், எழுதச் சொன்னதை எழுதினாள். அவள் முறை வந்தால், "பாஸ்" என்பாள். வற்புறுத்தக் கூடாது என்பது அப்பாவின் விதி. அதையே அவள் பிடித்துக்கொண்டாள். இன்னொரு முறை போட்டிக்குப் பதிவு செய்ய அப்பா விண்ணப்பம் வாங்கி வந்தார். மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். எட்டாம் வகுப்பு, பிறகு உயர்நிலைப் பள்ளி, போய்விட்டாள்.

அப்பா வகுப்பை விடவில்லை. ஆனால் ஒன்று மாற்றினார். குரல் கொடுக்கும் முன், பிள்ளைகள் ஒரு மூச்சு நேரம் பொறுக்க வேண்டும். "ஒரு மூச்சு அவங்களுக்கு. அப்புறம்தான் நாம" என்பார். ஏன் என்று கேட்ட பிள்ளைகளுக்குக் காரணமும் சொல்வார். தன் பெயரை மறைக்காமல் சொல்வார், அவள் பெயரைச் சொல்லமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், எங்கள் வீட்டில் இருந்து சற்றுத் தள்ளி இருக்கும் மீன் கடையில் ஜானிஸா வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளிக்கிழமைகளில் ஊரே அங்கே மீன் வாங்கும். நம்பர் துண்டு எடுத்து நிற்க வேண்டும். மீன் தயாரானதும் நம்பரைக் கூப்பிடுவார்கள். அப்பா முதல் வெள்ளி போய்விட்டு வந்து, பையை மேசைமேல் வைத்தார்.

"அந்தக் குரல் ரெனி. கார் நிறுத்துற இடம் வரைக்கும் கேக்குது. 'முப்பத்தி நாலு!' அவ்வளவுதான் சொல்றா. நான் நின்னு கேட்டுட்டே இருந்தேன். என் நம்பரை விட்டுட்டேன்."

"பேசினீங்களா?"

"மீன் எப்படின்னு கேட்டேன். நல்லாருக்குன்னா."

அடுத்த வெள்ளியும் போனார். அதற்கடுத்ததும். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். ஒவ்வொரு முறையும் மீனோடு வந்தார். கெளுத்தி மீன், சோள மாவில் பொரித்தது, காரம் கொஞ்சம் அதிகம். இரண்டு பேர் எவ்வளவு சாப்பிட முடியும்? மிஞ்சியதை உறைய வைத்தோம். வெர்டீ அத்தை ஃப்ரீசரைத் திறந்து பார்த்து, "லெமுவேல், நீ அந்தப் பொண்ணுகிட்ட பேசப்போறியா, இல்ல மிசிசிப்பி ஆத்தைக் காலி பண்ணப்போறியா?" என்றார்.

"வரிசை நீளமா இருக்குக்கா. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"அப்ப திங்கக்கிழமை போ."

"திங்கக்கிழமை அவளுக்கு லீவு."

எல்லா விவரமும் தெரியும். கேட்க மட்டும் முடியவில்லை.

ஓய்வு பெற்றதும் அவசரம் வந்தது. பிப்ரவரி கடைசி ஞாயிறு எங்கள் சபையில் கறுப்பர் வரலாற்று நிகழ்ச்சி. பெரியவர்களும் ஒப்பிப்பார்கள். அங்கே நடுவர் இல்லை, மணி இல்லை. ஜானிஸா அந்தக் கவிதையை அங்கே முடிக்க வேண்டும் என்று நினைத்தார். முதலில் மன்னிப்பு, பிறகு அந்தக் கேள்வி. அதற்குத்தான் தொட்டிக்கு அடியில் ஒத்திகை. அந்த வெள்ளிக்கிழமை கண்டிப்பாகக் கேட்டுவிடுவேன் என்றார். முடிவெட்டப் போனதும் அதற்காகத்தான்.

அடக்கம் சனிக்கிழமை நடந்தது. நினைவு பேசுபவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அச்சடித்திருந்தோம். ஒருவரும் மதிக்கவில்லை. பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள், சிலர் குழந்தைகளோடு. டாக்டர் பெட்டிஸ் எழுந்து, "அவர் வகுப்புச் சத்தத்தைப் பத்தி நான் எழுதின புகாரையெல்லாம் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றார். சபை சிரித்தது, பிறகு அழுதது. ஜானிஸா வரவில்லை. நான் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன்.

அடக்கத்துக்குப் பிறகு சபைக் கூடத்தில் சாப்பாடு. கோழி, கீரை, மக்ரோனி, கேக்குகள். நடுவில் ஒரு பெரிய அலுமினியத் தட்டில் கெளுத்தி மீன். வெர்டீ அத்தை அடக்கத்துக்குப் போட்ட வெள்ளைக் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"இது யாரு கொண்டுவந்தா? நம்ம சபைல ஒருத்தியும் இவ்வளவு காரம் போடமாட்டா."

யாருக்கும் தெரியவில்லை. பின் கதவு வழியாக ஒரு பெண் வைத்துவிட்டுப் போனாளாம். ஏப்ரன் போட்டிருந்தாளாம். நான் ஒரு துண்டு வாயில் போட்டேன். எங்கள் ஃப்ரீசரில் இருக்கும் அதே ருசி.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அந்தக் கடைக்குப் போனேன். சீருடையோடு போனேன், கையில் கிரீஸ் இருந்தது. நம்பர் துண்டு எடுத்தேன். வரிசை சுவர் வரை இருந்தது. உள்ளே எண்ணெய் கொதிக்கும் சத்தம், டிவி, குழந்தைகள். அத்தனைக்கும் மேலே அவள் குரல். அப்பா சொன்னது சரி. ஜானிஸா வளர்ந்திருந்தாள். தலையில் வலை. சட்டையில் துணை மேலாளர் என்று ஒரு வில்லை. என்னைப் பார்த்ததும் உடனே தெரிந்துகொண்டாள்.

"மிஸ் லிஃப்ட்."

"தட்டுக்கு நன்றி. மீன் எல்லாம் தீந்துடுச்சு."

"சனிக்கிழமை கடையை விட்டு வர முடியல. கொஞ்சம் ஓடி வந்தேன்." துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள். "என்ன வேணும்? அவர் வாங்குறதா?"

"அவர் மீனுக்காக வரல."

"தெரியும்" என்றாள்.

பின்னால் ஆட்கள் நின்றார்கள். அப்பா எதைச் சொன்னார் என்று இப்போதுதான் புரிந்தது. அவருடைய நீளமான வாக்கியம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. ஒரு மனுஷனோட வாழ்க்கையில சில தருணங்கள் வரும் என்று ஆரம்பித்தேன். அப்ப அவன் தன்னையே திரும்பிப் பாத்து... அதற்குமேல் வரவில்லை. தொட்டிக்கு அடியில் நான் அவரை நிறுத்திய இடம் அது. மீதி என்ன என்று எனக்குத் தெரியாது. அவர் கை, டார்ச், கூரையில் ஓடிய வெளிச்சம்.

எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். யார் என்றே தெரியாது.

"நிதானமா கண்ணு." கொஞ்சம் பொறுத்து, "ஆனா என் மீன் ஆறுது."

வரிசை சிரித்தது. ஜானிஸாவும் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அவர் பொறுத்திருக்கணும்" என்றேன். "நீ மறக்கலன்னு அவருக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். மன்னிச்சுக்கோன்னு சொல்லத்தான் வந்தார். ஒவ்வொரு வாரமும்."

அவள் துணியை மடித்து வைத்தாள்.

"முதல் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம்" என்றாள். "நான் எல்லா வாரமும் அவர் நம்பரைக் கடைசியா கூப்பிடுவேன். கூட்டம் குறைஞ்சா சொல்லுவாரோன்னு. மீனு நல்லாருக்கான்னு கேட்டுட்டுப் போயிடுவார்."

"அவர் அப்படித்தான்."

"இன்னொண்ணு இருக்கு, இல்ல? மூஞ்சியிலேயே இருக்கும் அவருக்கு."

"இருக்கு."

"என்ன?"

சொன்னேன். பிப்ரவரி கடைசி ஞாயிறு. எங்கள் சபை. ரயில் கவிதை, கடைசி வரி வரை. கேட்க வேண்டியது அவர், நான் இல்லை. அதையும் சொன்னேன்.

ஜானிஸா பொரிக்கும் சட்டிப் பக்கம் திரும்பினாள். கூடையைத் தூக்கி எண்ணெய் வடியவிட்டாள். மீனைத் தாளில் சுற்றி, பையில் போட்டு, என் முன்னால் வைத்தாள். பையில் இருந்து கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரையும். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

நான் குரல் கொடுக்கவில்லை.